முன்சக்கரங்கள் ஏன் இழுக்கவில்லை?

நுழையும்முன்

ஒரு பொறி இயங்க மறுக்கும்போது, "எதைக் கழற்றலாம்?" என்று எண்ணுவோர் பலர். "எதுவரை சரியாக இருக்கிறது?" என்று கேட்போர் சிலர். பழுதைக் கண்டறிவோர் அச்சிலரே. பனிச்சரிவில் நின்றுபோன ஒரு சிறு சரக்கு வண்டியைக் கொண்டு, பழுதறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பனிச்சரிவில் ஒரு மாலை

இமாச்சலப் பிரதேசத்தில் மணாலிக்கு வடக்கே, 3,978 மீட்டர் உயரத்தில் ரோதாங் கணவாய் அமைந்துள்ளது. பனிக்காலத்தில் இக்கணவாய் மூடப்படும். 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை, 9.02 கிலோமீட்டர் நீளத்திற்கு மலையைக் குடைந்து சென்று, லாஹௌல் பள்ளத்தாக்கை மணாலியோடு இணைக்கிறது. முன்பெல்லாம் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டிருந்த ஊர்களுக்கு இன்று குளிர்காலத்திலும் கோதுமை மாவும் காய்கறிகளும் மருந்துகளும் செல்கின்றன. அவற்றைச் சிற்றூர்களின் வாயில்வரை கொண்டு சேர்ப்பவை பெரும்பாலும் பிக்கப் எனப்படும் சிறு சரக்கு வண்டிகளே.

அத்தகைய வண்டி ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். டிசம்பர் மாதத்து மாலைப்பொழுது. வண்டி பெருஞ்சாலையை விட்டு விலகி, ஒரு சிற்றூருக்குச் செல்லும் ஏற்றத்தில் திரும்புகிறது. வழியெங்கும் புதுப்பனி. சிறிது தொலைவு சென்றதும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்குகின்றன. ஓட்டுநர் நாற்சக்கர இயக்கத்திற்கான குமிழைத் திருப்புகிறார். முகப்புப் பலகையில் பச்சை விளக்கு எரிகிறது. ஆயினும் வண்டி முன்னேறவில்லை. கீழே இறங்கி நின்ற உதவியாளர், பின்சக்கரங்கள் சுழல்வதையும் முன்சக்கரங்கள் அசையாமல் நிற்பதையும் காண்கிறார்.

ஓட்டுநர் மேலும் விசை கொடுத்தார். சுழன்ற சக்கரங்களின் வெப்பத்தால் பனி உருகி, வழுக்கும் பளிங்காயிற்று. வண்டியின் பின்புறம் பள்ளத்தின் பக்கமாக ஒரு முழம் நகர்ந்தது. நல்ல வேளையாக, அவர் அத்துடன் நிறுத்தினார். சக்கரங்களுக்குப் பின்னே கற்களை வைத்தார். பின்சக்கரங்களில் இரும்புச் சங்கிலிகளைப் பூட்டி, வண்டியை மெல்லப் பின்னோக்கி இறக்கிப் பெருஞ்சாலைக்குக் கொண்டுவந்தார். சரக்கு ஊர் சேரவில்லை. ஆனால் இருவரும் பிழைத்தனர்.

விளக்கு எரிந்தது. முன்சக்கரங்கள் இழுக்கவில்லை. இது எவ்வாறு நேர்ந்தது?

ஆற்றல் செல்லும் வழி

இவ்வினாவுக்கு விடை காண, இயந்திரத்தில் பிறக்கும் ஆற்றல் சக்கரத்தை அடையும் வழியை அறிதல் வேண்டும்.

இயந்திரத்தின் சுழற்சி முதலில் கியர்ப்பெட்டிக்குச் செல்கிறது. அங்கிருந்து பகிர்வுப் பெட்டியை அடைகிறது. இதனைப் பணிமனைகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பர். இப்பெட்டிக்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்றிலிருந்து ஒரு நீண்ட சுழல்தண்டு பின்னச்சுக்கும், மற்றொன்றிலிருந்து இன்னொரு சுழல்தண்டு முன்னச்சுக்கும் செல்கின்றன. ஒவ்வோர் அச்சின் நடுவிலும் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி இருக்கும். வண்டி வளைவில் திரும்பும்போது இடச்சக்கரமும் வலச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இது இடந்தருகிறது. அங்கிருந்து இரு பக்கமும் செல்லும் அரைத்தண்டுகள் சக்கரக் குடங்களை அடைகின்றன. மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதியைக் குடம் என்று வழங்குவதுபோலவே, ஊர்திச் சக்கரத்தின் நடுப்பகுதியையும் தமிழில் குடம் எனலாம்.

சாதாரணச் சாலையில் பகிர்வுப் பெட்டியின் முன்வாயில் மூடியே இருக்கும். பின்சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளும். பல வண்டிகளில் முன்சக்கரக் குடங்களும் அரைத்தண்டுகளிலிருந்து விலகித் தனியே உருளும். நாற்சக்கர இயக்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு செயல்கள் நிகழ வேண்டும். ஒன்று, பகிர்வுப் பெட்டி முன்சுழல்தண்டோடு இணைய வேண்டும். மற்றொன்று, முன்சக்கரக் குடங்கள் தத்தம் அரைத்தண்டுகளோடு பூட்டிக்கொள்ள வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் முன்சக்கரங்கள் இழுக்கமாட்டா.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. இரண்டு குடங்களில் ஒன்று மட்டும் பூட்டாமல் விடுபட்டாலும், முன்சக்கரங்கள் இரண்டும் பயனற்றுப் போகும். டிஃபரன்ஷியல், தடையற்ற பக்கத்திற்கே சுழற்சியை விட்டுவிடும் இயல்புடையது. எனவே பூட்டாத பக்கத்து அரைத்தண்டு வீணே சுழல, பூட்டிய பக்கத்துச் சக்கரம் அசையாமல் நிற்கும்.

பழுதா, பழக்கமா?

நாற்சக்கர இயக்கம் இணையவில்லை எனில், அது எப்போதும் பழுதாக இருக்க வேண்டியதில்லை. இயக்கும் முறையில் உள்ள பிழையும் காரணமாகலாம். ஆகவே முதலில் வினவ வேண்டுவது ஓட்டுநரின் பழக்கத்தையே.

இவ்வகை வண்டிகளில் பொதுவாக மூன்று நிலைகள் உள்ளன. முதலாவது இருசக்கர நிலை. இரண்டாவது நாற்சக்கர உயர்வேக நிலை. மூன்றாவது நாற்சக்கரத் தாழ்வேக நிலை. தாழ்வேக நிலையில் சக்கரங்களின் வேகம் குறைந்து, அவற்றின் திருப்புவிசை பல வண்டிகளில் ஏறத்தாழ இரண்டரை மடங்காக உயரும். பல வண்டிகளில் உயர்வேக நிலைக்கு ஓடும்போதே மாற்றலாம். எந்த வேகம்வரை மாற்றலாம் என்பதை அவ்வண்டியின் கையேடு கூறும். தாழ்வேக நிலைக்கு மாற்றவோ பெரும்பாலான வண்டிகளை முற்றிலும் நிறுத்தி, கியரை நடுநிலையில் வைக்க வேண்டும். இதனை அறியாமல் ஓடும் வண்டியில் தாழ்வேக நிலையைத் தேர்ந்தால், பொறி அக்கட்டளையை ஏற்காது. அது பழுதன்று, காவல்.

சில வண்டிகளில் முன்சக்கரக் குடத்தைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். ஒரு பக்கத்தைப் பூட்டிவிட்டு மறுபக்கத்தை மறந்துபோவதும் உண்டு. நான்கு சக்கரங்களிலும் ஒரே அளவுள்ள டயர்களும் உரிய காற்றழுத்தமும் இருத்தல் வேண்டும். அளவு வேறுபட்டால் முன்தண்டும் பின்தண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழலும். பற்கள் பொருந்துதல் கடினமாகும்.

உலர்ந்த தார்ச்சாலையில் இவ்வகை நாற்சக்கர இயக்கத்தைப் பயன்படுத்தலாகாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழி செல்கின்றன. இரு தண்டுகளும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருப்பதால் அவ்வேறுபாடு முறுக்காகத் தேங்கும். பனியிலும் சேற்றிலும் சக்கரம் சற்றே வழுக்கி அம்முறுக்கைத் தளர்த்திக்கொள்ளும். தாரில் அது இயலாது. முறுக்கேறிய வண்டியில் நிலையை மாற்றக் குமிழைத் திருப்பினாலும் பற்கள் விலகா. அப்போது வண்டியை நேராகச் சிறிது தொலைவு பின்னோக்கிச் செலுத்தினால் முறுக்கு தளரும்.

விளக்கு கூறுவதும் கூறாததும்

முகப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், கட்டளை சென்றுவிட்டது, செயல் முடியவில்லை என்று பெரும்பாலும் பொருள்படும். பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டிருக்கலாம். வண்டியைச் சில மீட்டர் மெல்ல நேராக உருட்டினால் பல்லோடு பல் பொருந்தி, விளக்கு நிலையாக எரியும். அதன் பின்னும் மின்னினால்தான் பழுதை ஐயுற வேண்டும்.

விளக்கு எரியவே இல்லையெனில், கட்டளை செல்லவில்லையோ எனப் பார்க்க வேண்டும். ஃபியூஸ் எரிந்திருக்கலாம். ரிலே செயலற்றிருக்கலாம். மின்கம்பியின் இணைப்பில் துரு ஏறியிருக்கலாம். வண்டியின் அடிப்பகுதியில் உள்ள இணைப்புகளில் பனிநீரும் சேறும் படிவதால் துரு விரைவில் பற்றும். மின்கலம் வலுவிழந்தாலும் பகிர்வுப் பெட்டியை மாற்றும் சிறு மோட்டார் பாதி வழியில் நின்றுவிடும். முழுதும் மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் மின்கலம், ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். கடுங்குளிரில் மின்கலத்தின் வலிமை குறையும் என்பதும் நினைவில் இருத்தற்குரியது.

நிலையாக எரியும் விளக்கும் முழு உண்மையைக் கூறுவதில்லை. பல வண்டிகளில் அவ்விளக்கை இயக்கும் சிறு சுவிட்ச் பகிர்வுப் பெட்டியில் பொருத்தப்பட்டிருக்கும். பெட்டி இணைந்தவுடன் விளக்கு எரிந்துவிடும். சக்கரக் குடம் பூட்டியதா இல்லையா என்பதை அவ்விளக்கு அறியாது. லாஹௌல் ஏற்றத்தில் ஓட்டுநரை ஏமாற்றியது இதுவே.

கையால் அறியும் சோதனை

மறுநாட் காலை அவ்வண்டி ஒரு பணிமனைக்குச் சென்றது. வட இந்தியப் பணிமனைகளில் அனுபவம் மிக்க தலைமைப் பழுதுநீக்குநரை உஸ்தாத் என்று அழைப்பர். ஓட்டுநர், "உஸ்தாத்ஜி, பெட்டி போய்விட்டது. திறந்துவிடுங்கள்" என்றார். உஸ்தாத், "பொறு, பேட்டா. பெட்டியைத் திறந்தால் மூன்று நாள் போகும். முதலில் சக்கரத்தைக் கேட்போம்" என்றார்.

அவர் செய்த சோதனை எளியது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நாற்சக்கர உயர்வேக நிலையைத் தேர்ந்து, சில மீட்டர் நேராக உருட்டச் செய்தார். பின்னர் இயந்திரத்தை நிறுத்தி, வண்டியை முதற்கியரில் விட்டு, கைப்பிரேக்கை இழுத்தார். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகள் வைத்தார். ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான இரும்புத் தாங்கியின்மீது நிறுத்தினார். அதன்பின் அச்சக்கரத்தைக் கையால் சுழற்றினார். அருகில் இருந்த உதவியாளர் எட்ட நின்று முன்சுழல்தண்டைக் கவனித்தார்.

இச்சோதனைக்கு மூன்று விடைகள் உண்டு.

முதல் விடை: சக்கரம் சிறிதே அசைந்து நின்றுவிடும். அவ்வாறாயின் பெட்டிமுதல் குடம்வரை எல்லாம் இணைந்துள்ளன.

இரண்டாம் விடை: சக்கரம் சுழலும், அதனோடு முன்சுழல்தண்டும் சுழலும். அவ்வாறாயின் குடங்கள் பூட்டியுள்ளன. பகிர்வுப் பெட்டியே இணையவில்லை.

மூன்றாம் விடை: சக்கரம் சுழலும், முன்சுழல்தண்டு அசையாது. அவ்வாறாயின் பெட்டி இணைந்ததா என்பதை இவ்விடை மட்டும் கூறாது. பழுது டிஃபரன்ஷியலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் உள்ளது. குடம் பூட்டாதிருக்கலாம், அரைத்தண்டு முறிந்திருக்கலாம்.

அன்று கிடைத்தது மூன்றாம் விடை. சக்கரம் தடையின்றிச் சுழன்றது. சுழல்தண்டும் அரைத்தண்டும் அசையவில்லை. மறுபக்கத்திலும் அவ்வாறே. இரண்டு அரைத்தண்டுகளும் முழுமையாகவே இருந்தன. ஒரே ஒரு சோதனையில், முதலில் பார்க்க வேண்டியது திறக்க எண்ணிய பெட்டியை அன்று எனத் தெளிவாயிற்று.

இரண்டு குடங்களும் ஒரே நாளில் தேய்ந்துபோதல் அரிது. இரண்டும் ஒருங்கே பூட்ட மறுத்தால், இரண்டுக்கும் பொதுவான ஒன்றில் பழுது இருக்க வேண்டும் என்பது உஸ்தாதின் கணிப்பு.

உறிஞ்சுவிசையின் தடம்

அவ்வண்டியில் குடங்களைப் பூட்டுவது வெற்றிடத்தின் உறிஞ்சுவிசை. குமிழைத் திருப்பியதும் ஒரு மின்வால்வு திறக்கும். மெல்லிய ரப்பர்க் குழாய்களின் வழியே காற்று உறிஞ்சப்படும். அவ்விசை குடத்தினுள் உள்ள பூட்டை இழுத்து அரைத்தண்டோடு இணைக்கும். ஒருமுறை பூட்டிய குடம், இயந்திரம் நின்றாலும் விலகாத அமைப்பு அது. எனவேதான் மேற்கூறிய சோதனை அங்குப் பொருந்தியது. உறிஞ்சுவிசை தொடர்ந்து இருந்தால் மட்டுமே பூட்டு நிலைக்கும் வண்டிகளில், சோதனையின்போது கைப்பம்பினால் அவ்விசையைத் தந்துகொண்டிருக்க வேண்டும்.

டீசல் இயந்திரத்தில் வெற்றிடத்தை உண்டாக்கத் தனிப் பம்பு ஒன்று இருக்கும். அதே பம்புதான் பிரேக் மிதியை இலகுவாக்கவும் துணைபுரிகிறது. ஆகவே உஸ்தாத் ஓட்டுநரிடம் ஒரு வினா எழுப்பினார்: "பிரேக் மிதி கடினமாக இருந்ததா?" ஓட்டுநர், "இல்லை, எப்போதும்போல் இருந்தது" என்றார். அவ்விடையால் பம்பு நன்னிலையில் உள்ளது என ஊகிக்க முடிந்தது. கருவி எதையும் கையிலெடுக்காமலே தடத்தின் ஒரு முனை தெளிவாயிற்று.

அடுத்து, மறுமுனையைப் பார்த்தார். குடத்திற்குச் செல்லும் குழாயைக் கழற்றி, அங்கே கைப்பம்பை இணைத்து உறிஞ்சினார். 'டக்' என்னும் ஒலியோடு குடம் பூட்டிக்கொண்டது. ஆகவே குடமும் குற்றமற்றது. பழுது இவ்விரு முனைகளுக்கும் இடையில்தான்.

இயந்திரத்தை இயக்கி, குமிழைத் திருப்பச் செய்து, மின்வால்வின் வெளிவாயில் விரலை வைத்தார். உறிஞ்சுவிசை இருந்தது. வால்வும் நன்றே. எஞ்சியது வால்வுக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட ரப்பர்க் குழாய் மட்டுமே. அதைக் கையால் வளைத்தபோது, இயந்திரத்தின் வெப்பத்தால் நாளடைவில் விறைத்திருந்த ஓரிடத்தில் மெல்லிய வெடிப்புத் தெரிந்தது. உறைகுளிரில் மேலும் இறுகிய ரப்பர் அங்கே விரிந்து காற்றை உள்ளே விட்டிருந்தது. இரு குடங்களுக்கும் செல்லும் கிளைகள் பிரிவதற்கு முன் உள்ள பொதுக்குழாய் அது.

ஒரு சாண் நீளக் குழாய் மாற்றப்பட்டது. சக்கரத்தை மீண்டும் கையால் சுழற்றினர். அது சிறிதே அசைந்து நின்றது. முதல் விடை கிடைத்தது. பழுது நீங்கியது என்று உஸ்தாத் கூறியது குழாயை மாற்றியபோது அன்று; இவ்விடையைக் கண்டபின்னரே.

முறையே கருவி

எல்லா வண்டியிலும் காரணம் குழாயாக இராது. பகிர்வுப் பெட்டியில் எண்ணெய் குறைந்தோ, பொருந்தாத எண்ணெய் ஊற்றப்பட்டோ இருக்கலாம். பெட்டியினுள் உள்ள கவைக்கோல் வளைந்திருக்கலாம். நெம்புகோலால் இயங்கும் பழைய வண்டிகளில் இணைப்புகள் துருவேறி இறுகியிருக்கலாம். குடத்தினுள் கிரீஸ் கட்டிப்பட்டிருக்கலாம். காரணங்கள் பலவாயினும் அவற்றை அணுகும் முறை ஒன்றே. இயக்கிய முறையை முதலில் வினவ வேண்டும். செலவில்லாத சோதனைகளை முதலிலும், பெட்டியைத் திறத்தலை இறுதியிலும் வைக்க வேண்டும். தடத்தை நடுவில் வெட்டி, எப்பாதி நலமாக உள்ளது என அறிய வேண்டும். பழுது நீங்கியபின் அதே சோதனையை மீண்டும் செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நாற்சக்கர இயக்கத்தை ஆண்டில் பல மாதங்கள் பயன்படுத்தாமல் விடுவதால், பழுது மறைந்தே இருக்கும், பனிச்சரிவில்தான் வெளிப்படும். ஆகவே பனிக்காலம் தொடங்குமுன், மண்பாதையிலோ ஈரப்புல்தரையிலோ ஒருமுறை இயக்கிப் பார்த்தல் நன்று. சமதளத்தில் அறிந்த பழுது செலவு; சரிவில் அறியும் பழுது உயிருக்கே இடர்.

அன்று மாலை அவ்வண்டி அதே ஏற்றத்தில் மீண்டும் ஏறியது. பச்சை விளக்கு முன்போலவே எரிந்தது. ஓட்டுநர் அதை நம்பிச் செல்லவில்லை. ஏற்றத்தின் அடியில் நிறுத்தி, உதவியாளரை இறங்கச் சொல்லி, முன்சக்கரங்கள் பனியைப் பற்றி இழுக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னார். "இழுக்கின்றன" என்று குரல் வந்தபின்னரே மேலே சென்றார். முந்தைய நாள் சேராத மாவும் மருந்தும் இருட்டுமுன் ஊர் சேர்ந்தன.

எச்சரிக்கை: ஜாக்கியால் உயர்த்திய வண்டியின் அடியில் எக்காரணம் கொண்டும் நுழைதல் கூடாது. இச்சோதனைகள் பயிற்சி பெற்ற பெரியோர் செய்தற்குரியவை.

சொற்பொருள்

கணவாய் – மலைகளுக்கு இடைப்பட்ட வழி
குடம் – சக்கரத்தின் நடுப்பகுதி
பகிர்வுப் பெட்டி – ஆற்றலை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்துத் தரும் பெட்டி
கவைக்கோல் – இரு கிளையாகப் பிரிந்த கோல்
ஐயுறுதல் – சந்தேகித்தல்
தடம் – செல்லும் வழி
சாண் – விரித்த கையின் பெருவிரல் நுனிமுதல் சிறுவிரல் நுனிவரை உள்ள நீளம்
முழம் – முழங்கைமுதல் விரல் நுனிவரை உள்ள நீளம்

பயிற்சி

1. பச்சை விளக்கு எரிந்தும் முன்சக்கரங்கள் இழுக்காததன் காரணம் யாது?
2. உயர்த்திய முன்சக்கரத்தைச் சுழற்றும்போது சுழல்தண்டும் உடன் சுழன்றால், பழுது எங்கு உள்ளது?
3. பிரேக் மிதியைப் பற்றி உஸ்தாத் வினவியது ஏன்? நான்கு வரிகளில் எழுதுக.
4. "அது பழுதன்று, காவல்" – இத்தொடர் எதனைக் குறிக்கிறது? இடஞ்சுட்டி விளக்குக.
5. பிரித்து எழுதுக: பழுதன்று, முன்னச்சு, பனிச்சரிவு, நாற்சக்கரம்.
6. உங்கள் வீட்டில் மேசை விளக்கு ஒன்று எரியவில்லை எனக் கொள்க. இப்பாடத்தில் கற்ற முறைப்படி, எவற்றை எந்த வரிசையில் சோதிக்குமாறு பெரியோரிடம் கூறுவீர்கள்? பட்டியலிடுக.
7. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தைப் படித்து, இப்பாடத்தின் கருத்தோடு பொருந்தும் குறளைக் கண்டறிந்து எழுதுக.